திருப்பிப் போட்ட வரி

என் மகளின் தலைக்குள் என்னதான் இருக்கிறது என்று பத்தொன்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சமீபத்தில் பார்த்துவிட்டேன். மெல்லிய துண்டு துண்டாக, கறுப்பு வெள்ளையில், இருநூற்றுச் சொச்சம் படங்கள். நான் நினைத்திருந்ததைவிட நிறையவே இருந்தது.

கல்லூரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். ஐயம்பேட்டை தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆட்டோக்காரர் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள், இவள் மட்டும் பக்கவாட்டில் போய் இரும்புக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளும் இறங்கி நடந்து வீட்டுக்கு வந்து, "அந்த ஆடு என்னைப் பாத்து சிரிச்சுதும்மா" என்று கதை சொன்னாள். சொல்லி முடித்ததும் வாந்தி எடுத்தாள். பிறகு நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சு பச்சை நிறம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தலைக்குள் இடது பக்கம் சிறிய ரத்தக்கசிவு என்றார் டாக்டர். ஸ்கேன் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் செருகிக் காட்டினார். புளியங்கொட்டை அளவு வெள்ளை. அது படத்தின் வலது ஓரத்தில் இருந்தது. இடது என்கிறீர்களே என்று கேட்டேன். "படம் உங்க எதிர்ல நிக்கிற ஆள் மாதிரிம்மா. உங்களுக்கு வலது, அவங்களுக்கு இடது" என்றார். மூன்று வாரத்தில் தானாகக் கரைந்துவிடலாம். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். கரையாமல் இருந்தாலோ, புதிதாக எங்காவது கசிந்திருந்தாலோ ஆபரேஷனைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். அதுவரை படிப்பு, போன், டிவி, லேப்டாப் எதுவும் கூடாது.

என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். மீனிடம் மூன்று வாரம் தண்ணீரைத் தொடாதே என்று சொன்ன மாதிரிதான்.

அந்த மூன்று வாரமும் என் கணவர் மாகறல் கோயிலுக்குப் போய்வந்தார். அங்கே சிவன் உடும்பாக வந்தவர். நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புளியங்கொட்டை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் விரல் வைப்பேன்.

இரண்டாவது ஸ்கேன் ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்தார்கள். ரிப்போர்ட்டும் டாக்டரும் திங்கட்கிழமைதான். இந்த முறை ஃபிலிம் கிடையாது, சி.டி. ஸ்கேனை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். என் லேப்டாப்பில் சி.டி. நுழைக்க இடமே இல்லை. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய் எங்கோ அலமாரிக்குள் கையை விட்டு, தூசி தட்டி, வெளியே பொருத்துகிற டிரைவ் ஒன்றைக் கொடுத்தார்.

"எப்ப வேணா குடுங்கம்மா. கல்யாண ஆல்பம் கூட இப்ப யாரும் இதுல கேக்கறதில்ல. பொண்ணு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது பாய். என்னைத் திட்டிக்கினு இருக்குது."

"அப்ப நல்லாத்தான் இருக்குது."

வீட்டுக்கு வந்து பொருத்தினேன். சி.டி.யிலேயே படம் காட்டும் புரோகிராம் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அது ஒரு முறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. எத்தனை முறை தட்டியும் எழுந்திருக்கவில்லை. உள்ளே கோப்புகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

என் மகள் சோபாவில் படுத்திருந்தாள். கண்மேல் ஈரத்துண்டு. "இன்னாம்மா, மவுஸைக் குத்திக் கொல்ற சத்தம் கேக்குது?"

சொன்னேன்.

"டாக்டர் திங்கக்கெழமை பாத்து சொல்லுவாரு. நீ மயில் வரையப் போ."

மயில் வரைவது என் வேலை. பட்டுப்புடவையின் கரையிலும் முந்தியிலும் வருகிற மயில், அன்னம், மாங்காய் எல்லாவற்றையும் முதலில் யாராவது கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள், அட்டை தறிக்கு மேலே ஏறும். முன்பு கட்டக் காகிதத்தில் வரைந்தார்கள், நான் கம்ப்யூட்டரில் வரைகிறேன். வரைந்த படத்தைத் தறிக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுவதற்கு பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருபது வரி எழுதி வைத்திருக்கிறேன். என் மகள் பள்ளியில் படிக்கும்போது, அவள் பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்த இருபது வரியைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அவள் அதற்கு வைத்த பெயர் 'அம்மாவோட ஆத்திசூடி'.

"இந்த ஃபைலை பைத்தான்ல தொறக்க முடியுமா?" என்று கேட்டேன்.

துண்டு ஒரு பக்கம் தூக்கியது. ஒற்றைக் கண் தெரிந்தது.

"கண்ணைத் தொறக்காத! நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

"அப்பா உடும்பைப் புடிச்சுக்கினு இருக்காரு, நீ மலைப்பாம்பைப் புடி. வீடே ஜூ ஆயிட்டுது" என்றாள். ஆனால் சொல்ல ஆரம்பித்தாள்.

படித்துப் பழகியவர்கள் திரையைப் பார்க்காமலே இப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மருத்துவப் படங்களுக்கு டைகாம் என்று ஒரு தனி வடிவம் உண்டாம். அதைப் படிக்கும் மென்பொருள் தொகுப்பை முதலில் இறக்க வேண்டும். அவள் சொன்னபடி அடித்தேன். முதல் கோப்பைத் திறந்ததும் எழுத்துகள் கொட்டின. அவள் பெயர், பிறந்த நாள், பெண், வயது பத்தொன்பது. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். யாரோ ஒரு இயந்திரம் இவளை இத்தனை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறதே.

"அழுவுறியா?"

"இல்ல."

"கீபோர்டுல தண்ணி படப்போவுது. படம் வந்துதா?"

வரவில்லை. படத்தைக் கேட்டதும் சிவப்பு எழுத்தில் ஒரு பாட்டம் திட்டு வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன்.

"ஓ. கம்ப்ரஸ் பண்ணி வச்சிருக்குது. மேல ஒட்டுன சீட்டைப் படிக்கலாம், உள்ள மடிச்சு வச்சதைப் பிரிக்க இன்னொரு தொகுப்பு வேணும்."

"மடிச்சு வச்சதுன்னா? உள்ள இருக்கறது எதாவது போயிருக்குமா?"

"போகாதும்மா. இது எதையும் உடாம சுருக்கற வகை."

"புடவையைக்கூட எதையும் உடாமத்தான் மடிக்கிறோம். வருஷக்கணக்கா மாத்தி மடிக்காம வச்சா மடிப்பு ஓரத்துல சரிகை அறுந்துபூடுது."

சோபாவிலிருந்து ஒரு பெருமூச்சு. "பூ இல்லாத எடத்தை நீ நெசவுக்காரருக்கு எப்படிச் சொல்லுவ? சும்மா, சும்மா, சும்மா, சும்மான்னு நூறு தடவ சொல்லுவியா?"

"நூறு இழை சும்மா, அப்புறம் ஒரு புட்டான்னு சொல்லுவேன்."

"அவ்ளோதான். என் மண்டையைச் சுத்தி வெறும் காத்து. அதுக்கெல்லாம் கறுப்பு, கறுப்பு, கறுப்புன்னு எழுதாம, இத்தனை கறுப்புன்னு ஒரே வார்த்தையில எழுதி வச்சிருக்குது. நூறு சும்மான்னு சொன்னதுனால ஒரு இழையாவது கொறையுதா?"

குறையவில்லைதான். சுருக்கத்தில் இன்னும் பல நுணுக்கங்கள் உண்டு, இது எனக்காகச் சொன்னது என்றாள். எனக்கு இதுவே போதுமாக இருந்தது. தறிக்கு முன்னால் உட்கார்ந்தவரிடம் தினமும் நான் செய்கிற வேலையைத்தான் ஸ்கேன் இயந்திரமும் செய்திருக்கிறது. மனசு கொஞ்சம் சமாதானமானது. "மண்டைக்குள்ள வெறும் காத்துன்னு நீயே ஒத்துக்கினியே" என்றேன். "சுத்தின்னு சொன்னேன், உள்ளன்னு சொல்லல" என்றாள்.

பிரிக்கும் தொகுப்பும் இறங்கியது. திட்டு நின்றது. இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் காற்றுக்கு மைனஸ் ஆயிரம், தண்ணீருக்குப் பூஜ்யம், எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டி. எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டினால் மூளை முழுக்க ஒரே சாம்பல், ஊறவைத்த உளுந்து மாதிரி. பூஜ்யத்திலிருந்து எண்பது வரைக்கும் மட்டும் காட்டு, மற்றதை வெட்டிவிடு என்று ஒரு இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். வெட்டினேன். கடைசியில் திரையில் காட்டும் பகுதிக்கு அவள் வரி சொல்ல வாயெடுத்தபோது, "அது எனக்குத் தெரியும், என்கிட்டயே இருக்குது" என்று சொல்லி என் இருபது வரியிலிருந்து அந்தத் துண்டை அப்படியே எடுத்து ஒட்டினேன். வருடக்கணக்காகத் தப்பில்லாமல் ஓடுகிற வரிகள்.

படம் வந்தது.

ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஃபிலிமைப் பார்த்துப் பார்த்து மனப்பாடமான இடம் வந்தது. படத்தின் வலது ஓரம். சுத்தம். புளியங்கொட்டை இல்லை. நிஜமாகவே இல்லை. கத்தியிருப்பேன், அதற்குள் கண் தானாக மறு பக்கம் போனது.

இடது ஓரத்தில், மிளகு அளவுக்கு, மங்கலாக ஒன்று.

அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்த படத்திலும். எதிரில் நிற்கும் ஆள் மாதிரி. எனக்கு இடது, அவளுக்கு வலது. பழையது போய்விட்டது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது. டாக்டர் சொன்ன அந்தப் 'புதிதாக எங்காவது'.

"இன்னாம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஹேங் ஆயிடுச்சு" என்றேன். "நீ தூங்கு."

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குப் போன் செய்தேன். மாகறலில் இருந்தார். பின்னால் மணிச் சத்தம்.

"புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க. வலது பக்கம்."

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன்."

"நீ பாத்தியா..." என்று இழுத்தார். வேறு நாளாக இருந்தால் அந்த இழுப்புக்கு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். "கெளம்பி வரேன், எதுவும் சொல்லாத அவகிட்ட" என்றார்.

நான் பையை எடுத்தேன். இரண்டு நைட்டி, துண்டு, பிளாஸ்க், பழைய ஃபிலிம், ஆதார் அட்டை நகல். அவசரத்தில் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கிற சத்தம் கூடம் வரை கேட்டிருக்கிறது.

"ஊருக்கா போறோம்?"

வாசல்படியில் நின்றேன். எதுவும் சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் துண்டை எடுக்கவில்லை. அதன் கீழே அவள் உதடு வெளுத்ததைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் ஆட்டை வைத்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தவளுக்கும் பயம் இருந்திருக்கிறது, அதையும் மடித்துத்தான் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கேட்டாள். "அம்மா. என் காது தெரியுதா படத்துல?"

"காதா?"

"மேல் காதுல ஸ்டட் இருக்குதுல்ல. ஸ்கேன்ல கழட்ட வரலன்னு அப்படியே உட்டாங்க. உலோகம்னா பளிச்சுனு தெரியும். கீழ் பக்கத்துப் படங்கள்ல பாரு."

அந்த ஸ்டட் எங்கள் வீட்டின் தீராத வழக்கு. என்னைக் கேட்காமல் வலது காதின் மேல் மடலில் ஒரு துளை போட்டுக்கொண்டு வந்தாள். ஒற்றைக் காதில், ஒற்றைப் பொட்டு. இரண்டு மாதம் நான் அவளிடம் பேசியதெல்லாம் அந்தக் காதைப் பார்த்துத்தான்.

படங்களைக் கீழே நகர்த்தினேன். காது வந்தது. ஊசி முனைச் சூரியன் மாதிரி ஒன்று நாலு பக்கமும் கோடு வீசிக்கொண்டு பளீரென்றது.

"இருக்குது."

"எந்தப் பக்கம்?"

"படத்துக்கு வலது."

"அப்ப எனக்கு?"

"உனக்கு இடது." சொல்லிவிட்டு அவள் காதைப் பார்த்தேன். ஸ்டட் வலது காதில் இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தேன். மறுபடி காதை.

"யம்மா" என்றாள், ஒவ்வொரு எழுத்தையும் நீட்டி. "உன் ஆத்திசூடியைப் படி. ஒட்டுனியே, அந்தத் துண்டு. வரி வரியா."

படித்தேன். மூன்றாவது வரியில், "கோலன், கோலன், மைனஸ் ஒண்ணு" என்றபோது அவள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

என்னிடம் மயில் வாங்கும் தறிகளில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். நெய்பவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். அதனால் நான் வரைகிற எதையும் இடம் வலமாகத் திருப்பித்தான் அட்டைக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மயில் வேறு பக்கம் பார்க்கும். கை தானாகச் செய்கிற காரியம் அது. அந்த மைனஸ் ஒன்று செய்வது அதைத்தான்.

"என்னைத் தறியில ஏத்திட்டியா? குப்புறப் போட்டு நெஞ்சிட்டியா?"

"சிரிக்காத, தலை வலிக்கும்!"

"அப்ப சிரிக்க வெக்காத!"

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஸ்டட் அதன் காதுக்குப் போனது. மிளகு வலது ஓரத்துக்கு வந்தது, ஃபிலிமில் புளியங்கொட்டை இருந்த அதே இடத்துக்கு. புதிது இல்லை. பழையதுதான், கரைந்து கரைந்து மிச்சம் இருப்பது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் ஹெல்மெட்டோடு உள்ளே ஓடி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் யாரை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் விபூதிப் பொட்டலத்தோடு நடுவில் நின்றார்.

ஆனாலும் திங்கட்கிழமை வரை நான் தூங்கியதாகச் சொல்ல மாட்டேன். தப்பாகப் படித்தவள் சரியாகப் படித்ததை மட்டும் எப்படி நம்புவது?

டாக்டர் தன் கம்ப்யூட்டரில் படங்களை ஓட்டினார். அந்த இடம் வருவதற்கு முன்பே, "இதுக்கு அடுத்த படம் சார், வலது ஓரம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நிறுத்தினார். இருந்தது. பெரும்பகுதி கரைந்துவிட்டது, மிச்சமும் போய்விடும், புதிதாக எதுவும் இல்லை, ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்றார். தினமும் அரை மணி நேரம் திரை பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மெடிக்கல் லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இல்ல சார்" என்றாள் என் மகள். "பார்டர் லைன்ல இருக்காங்க."

அந்த வாரமே நெசவுக்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது.

"யம்மா, உன் மயிலுக்கு எங்க மேல கோவமா?"

"ஏன்ணே?"

"தறிக்கடியில கண்ணாடி வச்சுப் பாக்கறேன், புடவை உடம்பைப் பாத்து நிக்க வேண்டிய கரை மயிலு வெளிய பாத்துக்கினு நிக்குது. உட்டா இறங்கி ஓரிக்கைப் பக்கம் நடந்துடும் போல. நல்லவேளை, ரெண்டு விரக்கடைதான் நெஞ்சேன்."

பயத்தில் நான் அந்த வரியை ஒரு கோப்பில் மட்டும் அழிக்கவில்லை, எல்லாவற்றிலும் அழித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு, பிரித்து நெய்துகொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

என் மகள் அன்றைய அரை மணி நேரத் திரையை அதற்குத்தான் செலவழித்தாள். வரியைத் திரும்ப எழுதி, அதன் மேலே கம்ப்யூட்டர் படிக்காத, ஆள் மட்டும் படிக்கிற குறிப்பாக ஒன்று சேர்த்தாள்: 'இது புடவைக்கு மட்டும். மகளுக்கு அல்ல.'

அந்தப் படங்களை நான் இன்னும் அழிக்கவில்லை. அவள் கல்லூரிக்குப் போன பிறகு, ஆட்டோ ஐயம்பேட்டையைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிற நேரத்தில், சில நாள் திறந்து பார்ப்பேன். முதலில் காதைப் பார்ப்பேன், அது சரியான பக்கம் இருந்தால்தான் மேலே நகர்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, இப்பதான் உனக்கு இந்த ஸ்டட் புடிச்சுப்போச்சே. இடது காதுலயும் ஒண்ணு குத்திக்கட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் இருந்தா நான் எப்படிடி கண்டுபுடிக்கிறது?"